காண்பவனும் கொள்பவனும்

ஓர் ஓவியத்தை விலைகொடுத்து வாங்கியவன் எதனை வாங்கினான்? வினா பார்வைக்கு எளிது. சட்டத்தரணி ஒருவரைக் கேட்டால், மரச்சட்டத்தில் இறுக்கிய கித்தானையும் அதன்மேற் பூசப்பட்ட வர்ணத்தையும் வாங்கினான் என்பார். நெல்லை வாங்கியவன் அதனை உண்ணலாம், விதைக்கலாம், வீணாக்கவுஞ் செய்யலாம். ஓவியத்தை வாங்கியவனும் அவ்வாறே அதனைத் தன் கூடத்தில் தொங்கவிடலாம், பெட்டகத்திற் பூட்டி வைக்கலாம், மறுநாளே இருமடங்கு விலைக்கு விற்கலாம். உடைமை பற்றிய பொதுச்சட்டம் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடும். அறவியலோ இவ்விடத்திலேதான் தன் விசாரணையைத் தொடங்குகின்றது. வரைந்தவனுக்கும், அதனை இன்னும் காணாத மனிதருக்கும் அப்பொருளின்மேல் யாதேனும் உரிமை எஞ்சியிருக்கின்றதா? எஞ்சியிருப்பின் அவ்வுரிமையைக் காப்பது யார் கடன்?

பொதுப்பட வாதிப்பதிலும் பார்க்க, ஒரு மனிதனின் வாழ்க்கையை முன்வைத்து நோக்குவது பயன்தரும் எனக் கருதுகின்றேன். அமெரிக்க அரூப ஓவியரான மார்க் றொத்கோவின் வாழ்வும், அவரது மரணத்தின் பின் நிகழ்ந்த வழக்கும் இவ்வினாவுக்கென்றே அமைந்தனபோல இருக்கின்றன. தொடங்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தீவில் இருந்துகொண்டு றொத்கோவைப் பற்றி எழுதும் நான் அவரது மூல ஓவியம் ஒன்றையேனும் கண்டவனல்லேன். நூலகப் புத்தகத்தில் உள்ளங்கையளவாக அச்சிடப்பட்ட பிரதிகளையே கண்டுள்ளேன். ஆளுயரத்தையும் விஞ்சிய கித்தானின் முன் நின்று அதனுள் அமிழ வேண்டும் என விரும்பிய ஓவியரை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது ஒரு குறைபாடே. ஆயினும் யார் காண்கிறார், யார் காணாது போகிறார் என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாதலின் அக்குறைபாடு முற்றிலும் பயனற்றதன்று.

றொத்கோ 1903இல் அன்றைய ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த, இன்று லற்வியாவில் உள்ள திவின்ஸ்க் நகரில் யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். 1913இல் அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டே தந்தையை இழந்தார். யேல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பட்டம் பெறாமலே 1923இல் வெளியேறினார். 1929 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக புறூக்ளினில் ஒரு யூத நிலையத்துப் பள்ளியிற் சிறுவர்க்குச் சித்திரம் கற்பித்தே சீவித்தார். விற்பனையால் வாழும் ஓவியராக அவர் ஆனபோது ஐம்பது வயதை அண்மியிருந்தார் என்பதை மறத்தலாகாது. அவரது பிற்கால ஆசைகளையும் அச்சங்களையும் விளங்கிக்கொள்ள இந்நீண்ட வறுமை வேண்டியதாகின்றது.

1945இல் பெகி குகன்ஹைம் நடத்திய கலைக்கூடத்தில் அவரது தனிக் கண்காட்சி நிகழ்ந்தது. 1947இல் அக்கூடம் மூடப்பட, பெற்றி பார்சன்ஸ் என்னும் பெண்மணி பொலொக், ஸ்ரில், நியூமன் ஆகியோருடன் றொத்கோவையும் ஏற்றுத் தம் கூடத்திற் காட்சிக்கு வைத்தார். உருவங்கள் கரைந்து, கிடையாக அடுக்கிய நிறமண்டலங்களே ஓவியமாகிய மாற்றம் இக்காலத்திலேதான் நிகழ்ந்தது. வாங்குவார் அரிதாயிருந்தும் ஆண்டுதோறும் சுவரை ஒழித்துக் கொடுத்த அப்பெண்மணியை வணிகர் என்ற ஒரே சொல்லால் அடக்குதல் நியாயமாகாது. வணிகம் கலையைக் கெடுத்தது எனக் கூறுவது எம்மிடையே மிக எளிதாக வாய்க்கும் வாக்கியம். அதனைச் சொல்லுமுன் பார்சன்ஸின் சுவர்களை ஒருகணம் நினைக்க வேண்டும். காண்பவன் இன்றி ஓவியம் உயிர்வாழாது என்பது றொத்கோவின் உறுதியான கொள்கை. அக்காண்பவனை அவரிடம் அழைத்து வந்தது சந்தையின் ஒரு வாயிலேயாகும்.

சிக்கல் அவ்வாயிலின் இயல்பிலேயே இருக்கின்றது. அதனூடாகக் காண்பவனும் வருகிறான், கொள்பவனும் வருகிறான். சிலவேளை இருவரும் ஒருவரே. பலவேளை காண்பவனிடம் பணம் இருப்பதில்லை. கொள்பவனுக்குக் கண் இருப்பதில்லை. றொத்கோ இதனை நன்கறிந்தார். தம் பணிமனைக்கு வந்து ஓவியம் கேட்டவர்களை அவர் ஆராய்ந்து பார்த்தார். அவர்கள் ஓவியத்தின் முன் எவ்வாறு நிற்கின்றனர் என்பதைக் கவனித்தார். பிடிக்காதவர்க்கு விற்க மறுத்ததும் உண்டு. ஓவியங்கள் தரைக்கு அண்மையில் தொங்க வேண்டும், ஒளி மங்கலாயிருக்க வேண்டும், தம்முடைய படைப்புக்கள் பிறருடையவற்றோடு கலவாது கூட்டமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதித்தார்.

இதனை ஆணவம் எனத் தள்ளுவோர் உளர். எமது இலக்கிய மரபிற் பயின்றோர்க்கு இது அத்துணை அந்நியமாகத் தோன்றாது. புறநானூற்றிலே பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றபோது, அவன் நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்ப, புலவர் அதனை ஏற்க மறுத்தார். கொடையின் அளவு அங்கே பிரச்சினையாகவில்லை. தம்மைக் கண்டு, தம் புலமையின் தரமறிந்து தந்தால் தினையளவும் போதும் என்பதும், காணாது தருவதைக் கொண்டுசெல்லத் தாம் வணிகர் அல்லர் என்பதுமே அவர் நிலைப்பாடு. பரிசில் வாழ்வு வறுமை வாழ்வு, மறுப்பது எளிதன்று. புலவரும் ஓவியரும் கேட்பது ஒன்றே: பொருள் கைமாறுமுன் கண் சந்திக்க வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புலவரின் பாட்டு அதியமானிடம் போனபின்பும் புலவரிடமே இருந்தது. ஊரார் வாயிலும் வாழ்ந்தது. ஓவியம் அவ்வாறன்று. கொடுத்தவன் கையில் எதுவும் மிஞ்சாது.

1954இல் றொத்கோ பார்சன்ஸை விட்டு, அதே கட்டிடத்தின் அதே மாடியிற் கூடம் நடத்திய சிட்னி ஜானிஸிடம் சென்றார். ஜானிஸ் விற்கத் தெரிந்தவர். 1955இல் ‘போர்ச்சூன்’ என்னும் வர்த்தகச் சஞ்சிகை, முதலீட்டுக்கு உகந்த ஓவியர்களின் வரிசையில் றொத்கோவையும் சேர்த்தது. அதே காலத்தில் பழைய தோழர்களான ஸ்ரிலும் நியூமனும் அவர் விலைபோய்விட்டார் எனக் குற்றஞ்சாட்டி ஜானிஸுக்கே கடிதம் எழுதினர். நட்பு முறிந்தது. 1958இல் குகன்ஹைம் நிறுவனம் அளித்த 1000 டொலர் பரிசை றொத்கோ ஏற்க மறுத்தார். மறுக்கத் தெரிந்தவர் என்பதை அவர் தமக்குத் தாமே நிரூபித்துக்கொள்ள வேண்டிய ஒரு நிலை இக்காலத்தில் இருந்ததோ என எண்ணத் தோன்றுகின்றது.

அதே ஆண்டில் வந்தது பெருஞ்சோதனை. நியூயோர்க்கிலே புதிதாக எழுந்த சீக்ரம் கட்டிடத்தில் அமையவிருந்த ‘போர் சீசன்ஸ்’ என்ற ஆடம்பர உணவகத்துக்குச் சுவரோவியங்கள் வரைந்து தருமாறு அவர் கேட்கப்பட்டார். ஏற்றார். செந்நிறமும் கபிலமும் கருமையும் தோய்ந்த முப்பதளவான கித்தான்களை வரைந்தார். பயணமொன்றிற் சந்தித்த பத்திரிகையாளர் ஒருவர், அங்கு உண்ணவரும் செல்வந்தரின் பசியைக் கெடுப்பதே தம் நோக்கமென றொத்கோ கூறியதாக அவர் இறந்தபின் எழுதினார். பின்னர் 1959இல் மனைவியோடு அவ்வுணவகத்துக்குச் சென்று உணவருந்தித் திரும்பியவர், ஓவியங்களைத் தரப்போவதில்லை எனத் தீர்மானித்துப் பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இச்செயலைப் போற்றி எழுதியோர் பலர். என்னால் முழுமனத்தோடு போற்ற இயலவில்லை. உணவகம் என்பதை அறியாமலா ஏற்றார் என்ற ஐயம் ஒருபுறம் நிற்க, உண்பவனை வெறுத்துக்கொண்டே அவன் உண்ணும் அறைக்கு வரைய முற்படுவது, காண்பவனின் தோழமையை நாடிய ஒருவர்க்குத் தகுமா? ஆயினும் மறுப்பின் தருணத்தில் அவர் சரியானதையே கண்டார் என்பேன். அந்த அறையில் எவரும் எதனையும் பார்க்க வரவில்லை. அங்கே ஓவியம் காணப்படாமலே விலைபெற்றுவிடும். பரிசிலனைக் காணாமற் பொருளனுப்பிய அதே நிகழ்ச்சிதான் இது, அளவுதான் பெரிது. அக்கித்தான்களுள் ஒன்பதினை அவர் இலண்டன் ரேற் கலைக்கூடத்துக்கு விலையின்றி அளித்தார். அவை இலண்டனை அடைந்த நாள் 1970 பெப்ரவரி 25. அன்று காலை நியூயோர்க்கிலே தம் பணிமனையில் றொத்கோ தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டு கிடந்தார்.

இங்கு சிறிது பின்னோக்கி, சந்தையை அறவே துறந்தவரின் வழியையும் நோக்குதல் வேண்டும். கிளிபோர்ட் ஸ்ரில் 1950களின் தொடக்கத்திலேயே வணிகக் கலைக்கூடங்களை விட்டு விலகினார். தம் வாழ்நாட் படைப்பில் ஏறத்தாழ தொண்ணூற்றைந்து வீதத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவற்றை விற்கவோ பிரிக்கவோ கூடாது, தமக்கென்றே தனி நூதனசாலை அமைக்கும் ஓர் அமெரிக்க நகருக்கே அவை சேரவேண்டும் என மரணசாசனம் எழுதினார். 1980இல் இறந்தார். டென்வர் நகரில் அந்நூதனசாலை திறக்கப்பட்டது 2011இல். இடைப்பட்ட முப்பத்தோராண்டு அவ்வோவியங்கள் பெரும்பாலும் சுருட்டப்பட்டு இருளிற் கிடந்தன. ஒரு தலைமுறை ஓவியர் அவற்றைக் காணாமலே கற்று, வரைந்து, முதுமையும் எய்தினர். இறுதியில் அந்நூதனசாலையின் நிதிக்காக, நீதிமன்றத்தின் இசைவு பெற்று, நான்கு ஓவியங்கள் அதே 2011இல் ஏலத்தில் விடப்பட்டன. கிடைத்தது 114 மில்லியன் டொலர். ஸ்ரிலின் நேர்மையை நான் ஐயுறவில்லை. கொள்பவனை விலக்கும்பொருட்டு அவர் கதவை அடைத்தபோது காண்பவனும் வெளியே நின்றான் என்பதையே சுட்டுகின்றேன். பொன்னைப் புதைப்பவனைப் பூதங்காக்கின்றான் எனப் பழிக்கும் நாம், ஓவியத்தைப் புதைப்பவனைத் துறவி என வணங்குவது எந்த நியாயத்தின்பாற் படும்?

றொத்கோ அத்துறவை மேற்கொள்ளவில்லை. 1961இல் நவீன கலை நூதனசாலை அவரது வாழ்நாட் படைப்புக்களைக் காட்சிக்கு வைத்தது. 1962இல் ஜானிஸ் தம் கூடத்தில் ‘பொப்’ ஓவியங்களைக் காட்டியபோது, அதனைப் பொறாது றொத்கோவும் வேறு மூவரும் விலகினர். (கடையைக் கோயிலென எண்ணியிருந்தவர்க்கே இவ்வகைக் கோபம் வரும்.) விலகியவர் போய்ச் சேர்ந்ததோ ஜானிஸினும் பெரிய வணிகரிடம். இலண்டனில் 1946இல் தொடங்கப்பட்டு நாடுகடந்து விரிந்த மார்ல்பரோ நிறுவனத்துடன் 1963இல் உடன்படிக்கை செய்தார். 1969இல் எட்டாண்டுக்கு அந்நிறுவனத்தையே தம் தனி விற்பனையாளராக ஆக்கினார். இவற்றுக்கெல்லாம் ஆலோசனை கூறியவர் அவருடைய நண்பரும் கணக்காளருமாகிய பேர்னார்ட் றைஸ்.

றொத்கோ இறந்தபோது அவரிடம் 798 ஓவியங்கள் இருந்தன. மரணசாசன நிறைவேற்றுநர் மூவர்: கணக்காளர் றைஸ், ஓவியர் தியோடோரஸ் ஸ்ராமோஸ், மானிடவியற் பேராசிரியர் மோர்ட்டன் லெவின். மூவரும் நண்பர்கள். இறந்து மூன்று மாதம் நிறையுமுன், 1970 மே மாதத்தில், நூறு ஓவியங்களை மார்ல்பரோவுக்கு 18 இலட்சம் டொலருக்கு விற்றனர். அதாவது சராசரி ஒன்று 18,000 டொலர். முதலில் இரண்டு இலட்சம். மீதி பன்னிரண்டு ஆண்டுத் தவணையில், வட்டியின்றி. எஞ்சிய ஏறத்தாழ எழுநூறு ஓவியங்களையும் பெரும்பாலும் ஐம்பது வீதத் தரகுக்கு அதே நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். றைஸ் அந்நிறுவனத்தின் பதவியாளர்களுள் ஒருவர். ஸ்ராமோஸ் தம் சொந்த ஓவியங்களுக்கு அந்நிறுவனத்தின் ஆதரவைப் பெற விழைந்தவர், பின்னர் பெற்றவர்.

1971இல் ஓவியரின் மகள், ஓர் இளம் மாணவி, வழக்குத் தொடர்ந்தார். 1975 டிசம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் ஒப்பந்தங்களைத் தள்ளி, நிறைவேற்றுநர் மூவரையும் நீக்கியது. றைஸ், ஸ்ராமோஸ், மார்ல்பரோ ஆகியோர்மீது தொண்ணூறு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பொறுப்பைச் சுமத்தியது. 1977இல் மேன்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

இவ்வழக்கின் அறப்பொருள் யாது? ஓவியங்கள் விற்கப்பட்டமை குற்றமன்று, றொத்கோவே விற்றவர். விலை குறைந்தமையும் தன்னளவிற் பெருங்குற்றமன்று. சந்தையிலே குறைவாக விற்பவன் மூடனாகலாம், தீயவனாகமாட்டான். எமது தேசவழமை சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்து, ஒவ்வொன்றிலும் யார் யார்க்கு எவ்வளவு எனக் கணக்கிட்டது. அத்தகைய கணக்கு இங்கு முழுவிடை தராது. நிறைவேற்றுநன் என்பவன் இல்லாத ஒருவனின் கண்ணாக நிற்க இசைந்தவன். இறந்தவன் வந்து கேட்கமாட்டான். ஆதலின் அவனுக்குச் செய்யும் வஞ்சனை மிக எளிது. ஆதலினாலேயே மிகக் கொடிது. விற்பவனின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டு, றைஸும் ஸ்ராமோஸும் கொள்பவனின் கண்ணாற் பார்த்தனர். தம் ஓவியத்தை யாரிடம் கொடுக்கிறேன் என்று வாழ்நாளெல்லாம் முகம் நோக்கிப் பார்த்த ஒரு மனிதனுக்கு இதனினும் பொருத்தமான அவமதிப்பை ஒருவர் தேடியும் கண்டுபிடிக்க முடியாது.

ஆயினும் இவ்விருவரிலும் பார்க்க என்னைக் கலங்கவைப்பவர் மூன்றாமவரே. பேராசிரியர் லெவினுக்கு மார்ல்பரோவில் எப்பங்கும் இருக்கவில்லை. அவர் ஒரு டொலரும் ஆதாயமாகப் பெறவில்லை. தோழர் இருவரின் நலன்களும் பிளவுபட்டவை என்பதை அறிந்திருந்தார், ஐயமும் கொண்டார், பின்னர் சட்ட ஆலோசனையை நம்பி ஒப்பமிட்டார். ஆலோசனையின்படி நடந்தேன் என்ற அவரது எதிர்வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர்மீதும் அறுபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பொறுப்பு வீழ்ந்தது. ஆதாயம் பெறாதவனையும் ஆதாயம் பெற்றவனையும் ஏறத்தாழ ஒரே தட்டில் வைக்கலாமா என நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் தீர்ப்புக் கடுமையானது என்றனர். எனக்கும் முதலில் அவ்வாறே பட்டது. சிந்திக்கும்போது நிலை மாறுகின்றது. நிறைவேற்றுநர் மூவராக இருப்பதன் காரணமே, இருவர் பிசகினால் ஒருவர் மறுக்க வேண்டும் என்பதன்றோ? அவர் வேண்டப்பட்டது ஒரே ஒரு கணத்துக்காக. அந்தக் கணத்தில் அவர் தம் ஐயத்தை அறிஞர் கருத்தொன்றாற் போர்த்திக்கொண்டார். நாம் அமரும் குழுக்களிலே, கூட்ட அறிக்கைகளின் அடியிலே இடும் ஒப்பங்களை எண்ணும்போது, இத்தீர்ப்பை அந்நிய நாட்டுச் செல்வந்தரின் சச்சரவு என ஒதுக்க என்னால் முடியவில்லை.

இவ்விடத்தில் ஆனந்த குமாரசுவாமியை நினையாதிருக்க இயலாது. கொழும்பிலே பிறந்து பொஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றிய அவர், கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு 1943இல் நூலொன்று வெளியிட்டார். கலைப்பொருள் ஒரு பயனுக்காக, அதனை வேண்டியவனுக்காகச் செய்யப்படுவது. அதனைப் பயனிலிருந்து பிரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து இரசிப்பது நவீன காலத்தின் நோய் என்பது அவர் கருத்தின் சாரம். இக்கருத்தின்படி றொத்கோவின் துன்பம் முழுவதும் பயனிழந்த கலையின் துன்பமாகும். வேண்டியவன் இல்லாமல் வரைந்தார். ஆதலின் வேண்டுபவனைச் சந்தையிலே தேடினார். ஹூஸ்ரன் நகரில் டி மெனில் தம்பதியர் 1964இல் வழிபாட்டு மண்டபம் ஒன்றுக்காக ஓவியங்கள் கேட்டபோது அவர் அடைந்த உற்சாகம் இதற்குச் சான்றாகலாம். பதினான்கு கருமை தோய்ந்த ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. அவர் இறந்த மறு ஆண்டில், 1971இல், மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே கொள்பவன் இல்லை. எவரும் சென்று அமரலாம். எனினும் குமாரசுவாமியுடன் ஓரளவே உடன்படுகின்றேன். பயனை முன்னரே அறிந்து ஏவும் புரவலர் எல்லாக் காலத்தும் டி மெனில்களாக இருப்பதில்லை. உணவகம் கட்டுவோரும் புரவலர்களே.

உணவறை என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. போர் சீசன்ஸை மறுத்த அதே றொத்கோ, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து சுவரோவியங்களை அளித்தார். 1964இல் அவை வைக்கப்பட்ட இடம் ஒரு மேல்மாடி உணவறையே. பல்கலைக்கழகம் காணத் தெரிந்தோரின் இடமென அவர் நம்பியிருத்தல் கூடும். நகரைப் பார்க்கும் பெரிய யன்னல்களினூடாக வெயில் வீழ்ந்தது. திரைகள் ஒழுங்காக இழுக்கப்படவில்லை. அவர் கையாண்ட ‘லிதோல்’ செந்நிறம் ஒளியைத் தாங்காத வகையினது. கருஞ்சிவப்பு வெளிறி நீலம்பாரித்தது. விருந்துகளில் உணவும் மதுவும் தெறித்தன. 1979இல் ஓவியங்கள் கழற்றிக் களஞ்சியத்தில் இடப்பட்டன. கொள்பவன் எவனும் அங்கு இருக்கவில்லை, வஞ்சித்தவர் எவருமில்லை, விருந்துண்டு அவற்றின் கீழே அமர்ந்திருந்தோரோ கற்றோர்.

2014இல் ஹார்வர்ட் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தது. கித்தானைத் தொடாமல், பழைய வர்ணப்படங்களை ஆதாரமாகக்கொண்டு கணித்த ஒளியை ஒவ்வோர் ஓவியத்தின்மீதும் பாய்ச்சி, இழந்த நிறம் கண்ணுக்குத் தோன்றுமாறு செய்தனர். ஒவ்வொரு நாளும் மாலை நான்கு மணிக்கு அவ்வொளி அணைக்கப்பட்டது. அதனைக் காண்பதற்கென்றே மக்கள் வந்து கூடி நின்றனர். விளக்கு அணைய, சிவப்பு விலகி, பதினைந்து ஆண்டு வெயில் உண்ட துணி அவர்கள் முன்னே நின்றது. சிலர் உடனே புறப்பட்டனர். சிலர் அதன்பின்னும் பார்த்துக்கொண்டிருந்தனர்.